உங்களுக்குத் தெரியுமா? வால்வு சொல்லாமல் சாவதில்லை!

பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் செல்லப் பெயர் ‘ஹாம்’. அவர்களின் மேசையில் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். 100 வாட்டை வாங்கி ஆயிரம் வாட்டாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புகிற ‘லீனியர்’ ஆம்ப்ளிஃபையர் அது. பல பெட்டிகளின் வயிற்றில் இன்றும் வால்வுதான் எரிகிறது. பெட்டி மக்கர் செய்தால் முதல் பழி வால்வின் தலையில் விழும். பல சமயம் அது நிரபராதி. உண்மையிலேயே நோய் என்றால் நிறத்தாலும் சத்தத்தாலும் மீட்டர் முள்ளாலும் அது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்!

பெயரும் பிறப்பும்

● 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செய்த கண்ணாடிக் குமிழில் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். சைக்கிள் டியூபின் வாயில் காற்று உள்ளே போகும், வெளியே வராது. இதுவும் அதே வேலையைச் செய்வதால் இதற்கும் ‘வால்வு’ என்றே பெயர். அமெரிக்கர்கள் ‘டியூப்’ என்றார்கள். நமக்கு ரேடியோ வந்தது ஆங்கிலேயர் காலத்தில். அதனால்தான் தாத்தா வீட்டு மரப்பெட்டி ‘வால்வு ரேடியோ’ ஆனது.

● ஆம்ப்ளிஃபையரில் அதிகம் புழங்கும் ‘டிரையோடு’ வால்வுக்குள் மூன்றே உறுப்புகள். சூடேறி எலெக்ட்ரான்களை உமிழும் ஃபிலமென்ட், அவற்றை இழுத்துக்கொள்ளும் ப்ளேட், நடுவில் நின்று போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட். கிரிட்டை 1906இல் செருகியவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். உறுப்புகள் குறைவு என்பதால் நோய்களும் குறைவு. ஃபிலமென்ட் அறும், உமிழ்வு வற்றும், உறுப்புகள் ஒன்றையொன்று தொடும், வெற்றிடத்தில் வாயு சேரும். ஏறக்குறைய எல்லாக் கோளாறும் இந்த நாலுக்குள் அடக்கம்.

● வால்வின் பெயரே அதன் ஜாதகம். ‘3-500இசட்’ என்றால் 3 உறுப்பு, ப்ளேட் தாங்கும் வெப்பம் 500 வாட், பேசாதபோது ப்ளேட் மின்னோட்டத்தை அடக்க கிரிட்டுக்குத் தனி ‘பயாஸ்’ மின்னழுத்தம் கட்டாயமில்லை என்று அர்த்தம். ‘3சிஎக்ஸ்1500ஏ7’ என்பதில் ‘சி’ செராமிக் உடல், ‘எக்ஸ்’ வெளியே தெரியும் ப்ளேட், 1500 அது தாங்கும் வாட். இதே வால்வை 8877 என்றும் அழைப்பார்கள்.

● ரஷ்ய வால்வான ‘ஜியு-74பி’யின் கடைசி எழுத்து ரஷ்ய மொழியின் இரண்டாம் எழுத்து. ‘காற்றை ஊதிக் குளிர்விக்க வேண்டியது’ என்பது அதன் பொருள். முதல் எழுத்தான ‘அ’ வந்தால் தண்ணீரால் குளிர்விப்பது. மின்விசிறி இல்லாமல் எரியவிட்டு வால்வைக் கொன்றவர் பெயரை ஒழுங்காகப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்!

● ‘ஐமாக்’ என்ற புகழ்பெற்ற வால்வுப் பெயர் இரண்டு ஹாம்களின் பெயர்களை ஒட்டவைத்தது. பில் ஐடெல், ஜாக் மெக்கல்லா இருவரும் 1934இல் கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் தொடங்கிய நிறுவனம் அது.

● ஆங்கிலம் பேசும் பழைய ஹாம்கள் ‘வா, ஒரு 807 அடிக்கலாம்’ என்றால் அது பீர். 807 என்ற வால்வின் உருவம் பீர் பாட்டிலை ஒத்திருந்ததால் வந்த பரிபாஷை.

ஒரு பெட்டியின் கணக்கு

● வால்வு வைத்தியம் கற்க ஹாம்களுக்கு வாய்த்த பாடப்புத்தகம் அமெரிக்காவின் ஹீத்கிட் ‘எஸ்பி-220’. 1970களில் உதிரிப் பாகங்களாக வீட்டுக்கு வரும். வாங்கியவரே சால்டர் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இரண்டு 3-500இசட் வால்வுகள், ஏறக்குறைய 3,000 வோல்ட். இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. கட்டியவருக்கு ஒவ்வொரு கம்பியும் தெரியும் என்பதால் ரிப்பேரும் அவரே.

● 3-500இசட் ஒன்றின் ஃபிலமென்ட் 5 வோல்ட்டில் சுமார் 14.5 ஆம்பியர் குடிக்கிறது. அதாவது 72.5 வாட், பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுற்றுகிற மின்சாரம். இரண்டு வால்வுக்கு 145 வாட். ஹாம் இன்னும் ‘ஹலோ’கூடச் சொல்லவில்லை!

● அமெரிக்காவில் 1983 முதல் ஹாம்களுக்கு உச்ச வரம்பு, ஆன்டெனாவுக்குப் போகும் பக்கத்தில் 1,500 வாட். இந்தியாவில் 400 வாட். ஒரே ஒரு 3-500இசட் வால்வு நம் வரம்பை அலட்டாமல் எட்டிவிடும்.

கண்ணால் பார்த்தே சொல்லலாம்

● நீலம் நல்லது, ஊதா கெட்டது! கண்ணாடிச் சுவரில் படர்ந்த மெல்லிய நீல ஒளி, வழிதவறிய எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. பயப்பட வேண்டாம். உறுப்புகளுக்கு நடுவே, வெற்றிடத்திலேயே ஊதாவோ இளஞ்சிவப்போ மேகம் போல நின்றால் உள்ளே வாயு இருக்கிறது. உடனே உயர் மின்னழுத்தத்தை நிறுத்துங்கள்.

● 3-500இசட் வால்வின் ப்ளேட் மங்கலாகச் சிவப்பது நோயல்ல, சிகிச்சை. ப்ளேட்டின் மேற்பரப்பிலுள்ள சிர்கோனியம் சூடேறினால்தான் உள்ளே திரியும் வாயு மூலக்கூறுகளை விழுங்கும். வால்வுக்கு நோகக் கூடாது என்று எந்நேரமும் மெதுவாகவே ஓட்டுகிறவர்கள் அதற்கு நன்மை செய்யவில்லை.

● அதே ப்ளேட் ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் ஆபத்து. 2,500 வோல்ட், 0.4 ஆம்பியர் என்றால் ஒரு வால்வுக்குள் போவது 1,000 வாட். அதில் 600 வாட் ஆன்டெனாவுக்குப் போனால் மீதி 400 வாட்டும் வெப்பமாக ப்ளேட்டில் தங்கும். டியூனிங் தப்பினால் ஆன்டெனாவின் பங்கு குறைந்து ப்ளேட்டின் பங்கு கூடும். மைக்கில் பேசாமல் இருக்கும்போதே செக்கச் சிவந்தால் பயாஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

● இரண்டில் ஒரு வால்வு மட்டும் சிவக்கிறதா? அவசரப்பட்டுச் சிவந்ததைக் கழற்றி எறியாதீர்கள். சோம்பேறிக் கூட்டாளியின் சுமையையும் சேர்த்து இழுப்பதால் அது சிவந்திருக்கலாம்.

● சின்னக் கண்ணாடி வால்வுகளின் உச்சியில் கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பூச்சு பேரியம். மிச்சமிருக்கும் வாயுவைத் தின்பதுதான் அதன் தொழில். அது பால் வெள்ளையாக வெளுத்துவிட்டால் காற்று நுழைந்துவிட்டது. அந்த வால்வைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், குப்பைக்குத்தான்.

● கண்ணாடியில் குழி விழுந்திருக்கிறதா? அதிக வெப்பத்தில் இளகிய கண்ணாடியை வெளிக்காற்றின் அழுத்தம் உள்நோக்கி அமுக்கியதன் தழும்பு அது. வால்வு அப்போது பிழைத்திருந்தாலும், உரிமையாளர் அதை எப்படி நடத்தினார் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய வால்வு வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இந்தக் குழியைத்தான்.

மீட்டரைக் கேளுங்கள்

● கழற்றி வைத்த 3-500இசட் வால்வின் ஃபிலமென்ட்டை மல்டிமீட்டரில் பார்த்தால் ‘பூஜ்யம்’ காட்டும். ஷார்ட் என்று அலற வேண்டாம்! எரியும்போது அதன் மின்தடை 0.34 ஓம். ஆறியிருக்கும்போது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சிறிய எண் பிடிபடாது. பார்க்க வேண்டியது 1, 5 எண் கால்களுக்கு இடையே தொடர்பு இருக்கிறதா என்பது மட்டுமே.

● அதே வால்வில் 2, 3, 4 எண் கால்கள் மூன்றும் கிரிட். இவற்றுக்கும் ஃபிலமென்ட் கால்களுக்கும் நடுவே மீட்டர் எதையுமே காட்டக் கூடாது. ஏதாவது காட்டினால் கிரிட்டும் ஃபிலமென்ட்டும் கைகோத்துவிட்டன, வால்வு முடிந்தது. ஒரு நிமிடத்தில், வால்வைக் கையில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய மிக நம்பகமான சோதனை இதுதான்.

● சில ஷார்ட்டுகள் வெளியூர் மாப்பிள்ளை மாதிரி, ஆறினதும் காணாமல் போய்விடும். சூட்டில் ஃபிலமென்ட் நீண்டு தொய்ந்து கிரிட்டைத் தொடும், ஆறினால் விலகிக்கொள்ளும். பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள் முழுக்க இறங்கிய பிறகு, வால்வு ஆறுவதற்குள் அளந்தால் பிடிபடலாம்.

● தொய்வு என்றதும் இன்னொன்று. 3-500இசட் வால்வு செங்குத்தாக மட்டுமே நிற்க வேண்டும். தலை மேலேயோ கீழேயோ இருக்கலாம், படுக்கக் கூடாது. படுத்தால் பழுக்கக் காய்ந்த ஃபிலமென்ட் தன் எடையாலேயே கிரிட் மேல் சாயும். பார்சலில் அனுப்பும்போதும் நிமிர்த்தி வைத்து அனுப்புவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

● பேசாமல் காத்திருக்கும் ‘ஸ்டாண்ட்பை’ நிலையில் ப்ளேட் மீட்டர் முள் அசையவே கூடாது. அப்போதே ஏறி நின்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல்: கிரிட்டைத் தொட்ட ஃபிலமென்ட், அல்லது பயாஸைத் தர மறந்த ரிலே. வால்வைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும்.

● மைக்கில் பேசும்போது கிரிட் மின்னோட்டம், ப்ளேட் மின்னோட்டம் இரண்டும் குறைந்திருந்தால் ஃபிலமென்ட்டின் உமிழ்வு வற்றியிருக்கலாம். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் சக்தி போதாமலும் இருக்கலாம். கிரிட் மட்டும் எகிறி, ப்ளேட் குறைந்திருந்தால் வால்வு நலம். ஆன்டெனாவுக்குச் சக்தி போவதைச் சரிசெய்யும் ‘லோட்’ குமிழைத் திருப்பிய கைதான் சரியில்லை. இந்த ஒரு விதி தெரியாமல் தூக்கிப் போடப்பட்ட நல்ல வால்வுகளுக்குக் கணக்கே இல்லை.

● கிரிட் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே சாய்கிறதா? உள்ளே இருக்கும் வாயு உடைந்து நேர்மின் அயனிகளாகி கிரிட்டில் சேரும்போது மின்னோட்டம் இப்படித் திரும்பி ஓடும். ஆனால் 4சிஎக்ஸ்250 குடும்பத்தில் ‘ஸ்க்ரீன்’ என்ற இரண்டாவது கிரிட்டின் மீட்டர் கீழே போவது இயல்பு. ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் வழக்கம்!

● இரண்டு வால்வில் ஒன்று செத்து, வெளியேறும் சக்தி பாதியானால் எதிர்முனையில் கேட்பவருக்கு எவ்வளவு தெரியும்? 3 டெசிபல் மட்டுமே. ஹாம்களின் ‘எஸ்’ மீட்டர் கணக்கில் அரைப் படி. அவர் கவனிக்கவே மாட்டார். ‘நண்பர்கள் நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள்’ என்பது வால்வின் நலத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

‘டமார்’ சத்தம் எங்கிருந்து?

● பெட்டிக்குள் வெடிச்சத்தம் கேட்டால் வால்வைத் திட்டுமுன் எப்போது வெடித்தது என்று பாருங்கள். பேசும்போது மட்டும் வெடித்தால் டியூனிங் கெபாசிட்டர், பேண்டு ஸ்விட்ச், ஆன்டெனா ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம். தகடுகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் பூச்சியும் தூசியும்கூடப் பொறி கிளப்பும். பேசாமலே வெடித்தால் வால்வையோ உயர் மின்னழுத்தப் பகுதியையோ பார்க்க வேண்டும். பெட்டியை அணைத்து, வால்வுகளைக் கழற்றி, மூடியை மாட்டி மறுபடி போட்டபோதும் வெடித்தால் வால்வுக்கு விடுதலை!

● டப்பாவைப் பிரிக்காத பழைய வால்வு புத்தம்புதிது என்று நம்பி ஏமாறாதீர்கள். பல வருடம் அலமாரியில் தூங்கும்போது உலோகங்களிலிருந்து கசிந்த வாயு உள்ளேயே சேரும். எடுத்தவுடன் 3,000 வோல்ட் கொடுத்தால் ‘டமார்’தான். ஃபிலமென்ட்டை மட்டும் பல மணிநேரம் எரியவிட்டு, பிறகு உயர் மின்னழுத்தம் தருவதே முறை. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி, விருந்து பிறகு.

● வால்வுக்குள் ஒரு நொடி மின்பொறி பாய்ந்தால் சேமித்து வைத்த மின்சாரம் முழுவதும் அதன் வழியே கொட்டப் பார்க்கும். உயர் மின்னழுத்தக் கம்பியில் 50 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டால் 3,000 வோல்ட்டிலும் 60 ஆம்பியருக்கு மேல் பாயாது. அது இல்லாவிட்டால் சில நூறு ஆம்பியர்கூடப் பாயலாம். சில ரூபாய்ச் சாமான் விலையுயர்ந்த வால்வைக் காக்கிறது.

● ஒரே ஒரு முறை வெடித்து, அப்புறம் மாதக்கணக்கில் அமைதியாக ஓடும் வால்வுகளும் உண்டு. உள்ளே துருத்தி நின்ற உலோகத் துணுக்கைப் பொறியே எரித்துத் தீர்த்திருக்கும். திரும்பத் திரும்ப வெடித்தால்தான் கவலை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

● வால்வு எரியவில்லையா? சாக்கெட்டைப் பாருங்கள். கணக்கு இதோ: சாக்கெட் தொடர்பில் 0.03 ஓம் மின்தடை இருந்தால் போதும், 14.5 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலையும். அந்த ஃபிலமென்ட்டுக்கு அனுமதித்த ஏற்றத்தாழ்வு 5 சதவீதம், அதாவது 0.25 வோல்ட்தான். அழுக்குப் படிந்த ஒரு தொடர்பு, நல்ல வால்வைக் கிழவனாக்கிக் காட்டுகிறது!

● மின்விசிறி சரியாக வீசாத பெட்டியில் 3-500இசட் வால்வின் கால்களிலுள்ள சால்டர் உருகி விட்டுப்போவதுண்டு. ஃபிலமென்ட் அறுந்தது போலவே தோன்றும். காலின் நுனியைச் சூடாக்கிப் புது சால்டர் வைத்ததும் எழுந்து உட்கார்ந்த வால்வுகள் ஏராளம். குப்பையில் போடுவதற்கு முன் இந்த ஒரு முயற்சி கட்டாயம். ஆனால் சால்டர் ஏன் உருகியது என்று தேடாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே கதைதான். அடிப்பகுதி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அந்த வால்வின் சட்டம்.

● எஸ்பி-220 பெட்டியில் 5.1 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று உண்டு. கட்டாயமில்லை என்றாலும், வால்வு சும்மா நிற்கும்போது அதை அடக்கிவைக்கச் சிறு பயாஸ் தருவது அது. வால்வுக்குள் பொறி பாய்ந்தால் முதல் பலி பெரும்பாலும் இதுதான். ஷார்ட் ஆனால் வால்வு சும்மா நிற்கும்போதே கூடுதலாகச் சூடாகும். அறுந்தால் சத்தமே வராது, வால்வு செத்தது போலக் கிடக்கும். புது வால்வு மாற்றியும் குணமாகாத பல ‘வால்வு நோய்’களின் மூலம் இந்தச் சின்ன டையோடு.

● இரண்டு வால்வுப் பெட்டிக்கு மிக எளிய சோதனை, இடத்தை மாற்றிப் போடுவது. கோளாறு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் வால்வு குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டோ அதைச் சார்ந்த பாகமோ. செலவில்லாத சோதனை இது. ஆனால் பலருக்கு இது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

வைத்தியமும் பத்தியமும்

● 3-500இசட் போன்ற வால்வுகளின் ஃபிலமென்ட் டங்ஸ்டனில் கொஞ்சம் தோரியம் கலந்தது. எலெக்ட்ரானை உமிழ்வது மேலே படிந்த, ஓர் அணு அளவே கனமுள்ள தோரியப் படலம். இதன் மர்மத்தை ஆராய்ந்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய இர்விங் லாங்மியூர். மேற்பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

● அந்தப் படலம் தேய்ந்தால் உமிழ்வு குறையும். உயர் மின்னழுத்தம் இல்லாமல், ஃபிலமென்ட்டைக் கொஞ்ச நேரம் வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் வைத்தால் உள்ளிருக்கும் தோரியம் மேலே கசிந்து வந்து புதுப் படலம் போடும். கிழ வால்வுக்கு இளமை திரும்பும். உள்ளே சரக்கு மிச்சமிருந்தால்தான். இல்லையென்றால் ஃபிலமென்ட்டே அறுந்து விவகாரம் அத்தோடு முடியும்.

● செராமிக் உடலுள்ள 8877 வால்வுக்குப் பத்தியம் வேறு. அதில் எலெக்ட்ரானை உமிழ்வது ஆக்சைடு பூசிய கேத்தோடு. சுவிட்ச் போட்டு 3 நிமிடம் காத்திருந்த பிறகே வேலை வாங்க வேண்டும். அரைகுறைச் சூட்டில் இழுத்தால் பூச்சு உரியும். 3-500இசட் வால்வுக்கு அந்தக் காத்திருப்பே தேவையில்லை. ஒருவருக்குக் கட்டாயம், இன்னொருவருக்கு அனாவசியம்.

● 811-ஏ வால்வைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் 572-பி மாட்டுவது ஹாம்களிடையே பழைய பழக்கம். இரண்டின் ஃபிலமென்ட்டும் 6.3 வோல்ட், 4 ஆம்பியர். ஆனால் ப்ளேட் தாங்கும் வெப்பம் 65 வாட்டிலிருந்து 160 வாட்டாகிறது. இதனால் வாட் கூடுமா என்றால் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் அதே பழையதுதானே! தப்பாக டியூன் செய்யும் கைக்கு மன்னிப்பு மட்டும் கூடுகிறது.

● 1950, 60களில் அமெரிக்க மருந்துக்கடைகளில் வால்வு சோதிக்கும் எந்திரம் நின்றது. வீட்டு டிவியின் வால்வுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய், தானே செருகிப் பார்த்து, கெட்டதற்குப் பதில் புதியதை அங்கேயே வாங்கிவரலாம். ஆனால் பெரிய டிரான்ஸ்மிட்டர் வால்வை அந்த எந்திரத்தால் எடைபோட முடியாது. சிறிய மின்னழுத்தத்தில் நல்லபிள்ளையாக இருக்கும் வால்வு 3,000 வோல்ட்டில்தான் சுயரூபம் காட்டும். அதற்குச் சரியான சோதனைக்கூடம் ஆம்ப்ளிஃபையரே.

உயிர் முதலில், வால்வு பிறகு

● எஸ்பி-220 பெட்டியில் 200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் எட்டு, தொடராக இணைந்து 25 மைக்ரோஃபாரட் ஆகின்றன. 3,000 வோல்ட்டில் அவை பிடித்து வைப்பது சுமார் 112 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் 11 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். பிளக்கைப் பிடுங்கினாலும் அது உள்ளேயே காத்திருக்கலாம்.

● அதனால்தான் அனுபவசாலிகள் பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுத்து, அப்புறமும் நம்பாமல், மின்கடத்தாப் பிடி போட்ட, எர்த்தில் இணைத்த கோலால் உயர் மின்னழுத்த முனையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அதைக் ‘கோழைக் கோல்’ என்று கேலியாக அழைப்பதுண்டு. கோழைகள்தான் இந்தப் பொழுதுபோக்கில் கிழவர்களாகிறார்கள்!

● ‘ஒரு கை பாக்கெட்டில்’ என்பது பழைய விதி. இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். ஆனால் விதி தெரிந்தவர்களும், மூடி திறந்த பெட்டியில் மின்சாரம் போடுவதையே தவிர்க்கிறார்கள்.

● 8873 போன்ற சில வால்வுகளின் வெப்பத்தைக் கடத்த பெரிலியம் ஆக்சைடு கட்டி பயன்படுகிறது. முழுதாக இருக்கும்வரை தொந்தரவில்லை. உடைத்தாலோ அரத்தால் ராவினாலோ பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கடும் நஞ்சு. செத்த வால்வைச் சுத்தியலால் பிளந்து ‘உள்ளே என்ன’ என்று பார்க்கும் ஆசை இங்கே வேண்டாம்.

வால்வு போன உலகம்

● மைக்ரோவேவ் அடுப்பில் சாதம் சூடாக்குகிறீர்களா? அதற்குள் இருக்கும் மேக்னட்ரானும் ஒரு வால்வுதான். அதன் ஃபிலமென்ட்டும் தோரியம் கலந்த டங்ஸ்டன்.

● 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘எனியாக்’ கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். அவை பெரும்பாலும் செத்தது சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும்தான். சூடாகி ஆறும் அதிர்ச்சியைத் தாங்காமல். அதனால் அணைக்காமலே ஓட்டினார்கள். அதற்கு முன்பே, இங்கிலாந்தில் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த ‘கொலோசஸ்’ இயந்திரத்துக்கும் இதே பத்தியம்தான்.

● 1960 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஐமாக் ஹாம் சங்கமும் மாசசூசெட்ஸ் ஹாம்களும் நிலவில் ரேடியோ அலையை மோதவைத்து 1,296 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். ஹாம்கள் நிலா வழியே நடத்திய முதல் இருவழி உரையாடல் அது. அலையை அனுப்பியது ‘கிளைஸ்ட்ரான்’ என்ற வால்வு வகை.

● 1977இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் டிரான்ஸ்மிட்டர்களிலும் வால்வு வகை ஒன்று இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ரிப்பேர்காரர் எட்டாத தூரத்தில் வேலை செய்திருக்கிறது.

கடைசியாக ஒன்று

● யாரோடு, எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் பேசினோம் என்று லாக் புத்தகத்தில் குறித்து வைப்பது ஹாம்களின் பழக்கம். விவரமானவர்கள் அதன் கடைசிப் பக்கத்தை வால்வுக்கு ஒதுக்குகிறார்கள். புது வால்வு மாட்டிய அன்றே வால்வின் கால்களில் அளந்த ஃபிலமென்ட் வோல்ட், சும்மா நிற்கும்போது ப்ளேட் மின்னோட்டம், பேசும்போது கிரிட், ப்ளேட் மின்னோட்டங்கள், வெளியேறிய வாட் என ஐந்து எண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஐந்தை அதன் கீழே எழுதினால் போதும். உமிழ்வு வற்றுவதானால் முதல் எண் அப்படியே நிற்க, மற்றவை படிப்படியாக இறங்கும். சாக்கெட் அழுக்கானால் முதல் எண்ணும் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் எதையும் சொல்லாமல் ஒரே இரவில் போய்விடும். வால்வு தன் முதுமையை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு!